மூன்று ராணியும் ஒரு வேண்டாமும்

வைதேஹி தனி அறை கேட்டாள்.

கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் கழித்து, தில்லி துவாரகாவில் ஒன்பதாவது மாடி ஃப்ளாட்டில், தீபாவளி லேகியம் கிளறிக்கொண்டே கேட்டாள்.

"ஷ்ருதி பெங்களூருக்கு வேலைக்குப் போயாச்சு. பொண்ணோட ரூம் சும்மாத்தானே கெடக்கு? இனிமே நான் அங்கே படுத்துக்கறேன்."

"ஏன், இங்கே என்ன கொறைச்சல்?" என்றார் சேஷன்.

"இடந்தான் கொறைச்சல். இருபத்தாறு வருஷமா நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல உங்க டெபுடி செக்ரெட்டரியும் படுத்துண்டிருக்கார்."

அது உண்மைதான். சேஷன் மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசர். பகல் முழுக்க ஆபீசில் வாயைத் திறக்கமாட்டார். படுத்ததும் திறப்பார். அன்று பட்ட அவமானங்களையெல்லாம் ஒன்று விடாமல் மனைவியிடம் ஒப்பிப்பார். டெபுடி செக்ரெட்டரிகள் மாறினார்கள், அவமானங்கள் மாறவில்லை. வைதேஹி 'ம்' கொட்டுவாள். அந்த 'ம்' இருந்ததால்தான் மறுநாள் காலையில் அவரால் ஆபீசுக்குக் கிளம்ப முடிந்தது. இனிமேல் யாரிடம் சொல்வது? சுவரிடம் சொல்லலாம். சுவர் 'ம்' கொட்டாது.

இதை அப்படியே அவளிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் வறட்டு கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே!

"அந்த ரூம் எனக்கு வேணும். ஆபீஸ் வேலை பார்க்கணும்."

"ஆபீஸ்லயே பார்க்காத வேலையா?"

பேச்சு அதோடு நின்றது. சேஷன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. வெளியே பார்த்தால் வானமும் தெரியவில்லை. எதிர் டவரும் தெரியவில்லை. நவம்பர் மாதத்துப் புகை. அவர் மனசு மாதிரியே இருந்தது தில்லி.

அந்தச் சமயத்தில்தான் சொசைட்டியில் போக்கர் போட்டி அறிவித்தார்கள். தீபாவளிக்குச் சீட்டைத் தொடாதவன் அடுத்த ஜன்மத்தில் கழுதையாகப் பிறப்பான் என்பது தில்லியில் ஐதீகம். காசு கிடையாது, பிளாஸ்டிக் சில்லுதான் என்று சொசைட்டி செக்ரெட்டரி பல்லா தெளிவாகச் சொல்லிவிட்டார். முதல் பரிசு ஒரு ஏர் ப்யூரிஃபையர். பெண்கள் பக்கம் ஆள் குறைகிறது என்று வைதேஹியின் பெயரையும் பல்லாவே எழுதிக்கொண்டு போய்விட்டார்.

சேஷனுக்குச் சட்டென்று ஒரு யோசனை பளிச்சிட்டது. இரண்டு வருஷமாக மெட்ரோவில் போகும்போதும் வரும்போதும் அவர் படித்தது போக்கர் புத்தகம்தான்.

"வைதேஹி, ஒரு பந்தயம். போட்டியில நம்ம ரெண்டு பேர்ல யார் கடைசி வரைக்கும் நிக்கறாளோ, அவாளுக்கு ரூம்."

"எனக்கு ரம்மியே ஒழுங்கா வராதே!"

"அச்சா, அதுக்கென்ன? முயற்சி பண்ணு" என்றார் சேஷன், ரொம்பப் பெருந்தன்மையாக.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிளப் ஹவுசில் எட்டுப் பேர் உட்கார்ந்தார்கள். ஆட்டம் ஒன்றும் பிரமாதமில்லை. ஆளுக்கு இரண்டு சீட்டு, மூடி வைத்துக்கொள்ள வேண்டும். மேஜையில் ஐந்து சீட்டு பொதுவாகத் திறப்பார்கள். இரண்டையும் ஐந்தையும் சேர்த்துப் பார்த்து யாருக்கு நல்ல சேர்க்கை அமைகிறதோ அவருக்குச் சில்லு. கையில் ஒன்றுமே இல்லாமல் பயமுறுத்தியும் ஜெயிக்கலாம். எல்லாச் சில்லையும் நடுவில் தள்ளி 'ஆல்-இன்' என்று சொன்னால், எதிராளி ஒன்று அதற்கு ஈடு வைக்க வேண்டும், இல்லை சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலக வேண்டும்.

வைதேஹி கவிழ்த்துக்கொண்டே இருந்தாள். எந்தச் சீட்டு வந்தாலும் "வேண்டாம்" என்றாள். மற்றவர்கள் ஒருவரை ஒருவர் மோதிக்கொண்டு எழுந்து போனார்கள். நாலாவது மாடி தட்சிணாமூர்த்தி ஆறாவது ஆளாக வெளியேறிச் சமோசாவோடு சேஷனின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றபோது, மேஜையில் மிச்சம் இருந்தது புருஷனும் பெண்டாட்டியும்.

அந்த ஆட்டத்தில் சேஷனுக்கு வந்தவை இரண்டு ராணி. மேஜையில் இன்னொரு ராணி, ஓர் எட்டு, ஒரு நாலு, ஒரு ரெண்டு. கடைசியாக ஒரு ராஜா. ஆக, மூன்று ராணி! பாதிச் சில்லுக்கு மேல் ஏற்கெனவே நடுவில் வைத்துவிட்டார். வைதேஹியும் இந்தத் தடவை கவிழ்க்காமல் ஈடு வைத்துக்கொண்டே வந்திருந்தாள். உள்ளுக்குள் நாதஸ்வரம் வாசித்தது.

வைதேஹி புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டு, எல்லாச் சில்லையும் இரண்டு கையாலும் நடுவில் தள்ளினாள்.

"ஆல்-இன்னுதானே சொல்லணும்?"

சேஷன் கணக்குப் போட்டார். அவளிடம் இரண்டு ராஜா இருந்தால் மட்டும்தான் அவருக்குத் தோல்வி. அது நூறில் ஒரு பங்கு கூட இல்லை. புத்தகத்தின்படி யோசிக்கவே கூடாது. கண்ணை மூடிக்கொண்டு ஈடு வைக்க வேண்டும். கை சில்லுப் பக்கம் போனது.

"வேண்டாம்னா" என்றாள் வைதேஹி மெதுவாக.

கை நின்றது.

"என்ன வேண்டாம்?"

"வைக்காதீங்கோ. சொன்னாக் கேளுங்கோ. வேண்டாம்."

அந்தக் குரல் அவருக்குத் தெரியும். கிரேட்டர் நொய்டாவில் ஃப்ளாட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போனபோது, "வேண்டாம்னா, அந்த பில்டர் முழியே சரியில்லை" என்றாள். கேட்கவில்லை. பதினோரு வருஷமாக அங்கே ஒரு பள்ளம்தான் இருக்கிறது. மழைக்காலத்தில் எருமைகள் சந்தோஷமாகக் குளிக்கின்றன. மைத்துனன் கல்யாணத்துக்கு முந்தின நாள், "வேண்டாம்னா, புது ஹேர் டை வேண்டாம்" என்றாள். கேட்கவில்லை. கல்யாண ஆல்பத்தில் அவர் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பூசணிக்காய் இருக்கிறது. "வேண்டாம்னா, டெபுடி செக்ரெட்டரியோட டிராஃப்ட்ல தப்புக் கண்டுபிடிக்காதீங்கோ" என்றாள். கண்டுபிடித்தார். மூன்று வருஷம் பேஸ்மென்ட்டில் பழைய ஃபைல்களுக்குக் காவல் இருந்தார். அவருக்குக் கீழே இருந்த ரவிக்குமார் மேலே போய்விட்டான்.

"சேஷன்ஜி, ஜல்தி கரோ!" என்று அவசரப்படுத்தினார் பல்லா.

"வையும் ஓய்! சும்மா பயமுறுத்தறாங்க" என்று தட்சிணாமூர்த்தி காதில் சமோசாத் தூளோடு ஊதினார்.

சேஷன் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அரிசி களையும்போது இருக்கிற அதே முகம். இவளா பயமுறுத்துவாள்? வந்ததிலிருந்து நல்ல சீட்டு இல்லாமல் ஒரு சில்லு கூட வைக்காதவள். இருபத்தாறு வருஷத்தில் அவள் சொன்ன எந்த 'வேண்டாமும்' பொய்த்ததில்லை. புத்தகம் வை என்கிறது. வாழ்க்கை வைக்காதே என்கிறது. புத்தகத்தை எழுதினவனுக்கு வைதேஹியைத் தெரியாது.

அந்த ரூம் போனால் அவருக்கு ராத்திரிகளே போய்விடும். இந்த ஒரு தடவையாவது புத்தியோடு நடந்துகொள்வோம் என்று நினைத்தார். கண்ணில் நீர் முட்ட, மூன்று ராணிக்குச் சொந்தக்காரர் சீட்டைக் கவிழ்த்தார்.

வைதேஹிக்கு விதிமுறை தெரியாது. காட்ட வேண்டிய அவசியம் இல்லாத தன் சீட்டுகளைத் திருப்பிப் போட்டாள். ஒரு ஏழு. ஒரு மூணு.

"அடப்பாவமே!" என்றார் தட்சிணாமூர்த்தி. சேஷனிடம் மிச்சம் இருந்த சில்லு அடுத்த ஆட்டத்திலேயே போய்ச் சேர்ந்தது.

பரிசுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு லிஃப்டில் நின்றபோது சேஷன் கேட்டார்.

"கையில ஒண்ணுமே இல்லாம ஏன் வேண்டாம்னு சொன்னே?"

"நீங்க ஜெயிக்கணும்னுதான்."

"என்னது?"

"உங்க மூஞ்சியைப் பார்க்கச் சகிக்கலை. பாவமா இருந்தது. ரூமும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், தோத்துடலாம்னுதான் எல்லாத்தையும் தள்ளினேன். நான் வேண்டாம்னா நீங்க கட்டாயம் செய்வேளே! அதான் திருப்பித் திருப்பிச் சொன்னேன். ஒரு நாளாவது நான் சொல்லிக் கேட்டிருக்கேளா? இன்னிக்குன்னு பார்த்து இப்படிக் கேட்டுத் தொலைச்சா நான் என்ன பண்ணுவேன்?"

சேஷன் உருகிப் போனார். தோற்றாலும் இப்படி ஒரு மனைவி கிடைத்தாளே! பெட்டியின் கனமே தெரியவில்லை. இவள் எங்கே தனி அறைக்குப் போகப் போகிறாள் என்று நெஞ்சு நிறைந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் வைதேஹி ஷ்ருதியின் அறைக் கதவைத் திறந்தாள். ஜன்னலில் புதுத் திரை. கட்டிலில் புது விரிப்பு. அவளுடைய தலையணை, மூக்குக் கண்ணாடி, முழங்கால் தைலம், போன் சார்ஜர் எல்லாம் அதனதன் இடத்தில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தன.

சேஷன் பெட்டியோடு வாசற்படியிலேயே நின்றார்.

"இதெல்லாம்... எப்போ?"

"கார்த்தாலேயே. நீங்க ஹால்ல போக்கர் புஸ்தகம் படிச்சிண்டிருந்தேளே, அப்போ."

பெட்டியை அவர் கையிலிருந்து வாங்கி உள்ளே வைத்தாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ, கதவைச் சாத்தணும்."

ஒரே நாளில் இரண்டாவது தடவையாகப் பெண்டாட்டி சொன்னதைக் கேட்டு, சேஷன் தள்ளி நின்றார்.