விறகரும் கோழித்தீன் அடுப்பும்

விறகு எரிக்கும் கணப்பை இடித்தெடுத்த அன்று வீட்டில் இருந்தவர்கள்: விறகர், அவர் மகள் ஆரணி, கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருந்த நான், நோர்வேக்காரக் கொத்தனார் ஒருவர். இல்லாதவர், விறகரின் மனைவி. நான் ஆன்ட்டி என்பேன். அவருக்காகத்தான் இடித்தோம். அவரோ மூக்கில் குழாயுடன் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார்.

ஒஸ்லோவில் விறகரைப் போல் விறகை நேசித்தவர் எவருமில்லை. நோர்வேக்காரர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அவருடைய சொந்தப் பெயர் எங்கள் ரொம்சோஸ் பகுதியில் பாதித் தமிழருக்குத் தெரியாது. பிர்ச் மரக் கட்டை இரண்டை ஒன்றோடொன்று தட்டி, சத்தத்தை வைத்தே காய்ந்ததா ஈரமா என்று தீர்ப்புச் சொல்வார். திராமன் நகரில் ஒரு செத்தவீட்டுக்குப் போனவர், வாசலில் அடுக்கியிருந்ததைத் தட்டிப் பார்த்துவிட்டு உள்ளே வந்து, அழுதுகொண்டிருந்த வீட்டுக்காரரின் கையைப் பிடித்து, “உங்கடை விறகு இன்னும் காயேல்லை” என்றார். துக்கம் விசாரித்தது அதற்குப் பிறகுதான்.

ஆன்ட்டியின் நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. வீட்டில் விறகுப் புகை இருக்கும்வரை அவரை அனுப்பமாட்டேன் என்று லெகெ, அதாவது டாக்டர், சொல்லிவிட்டார்.

“லெகெ சொன்னது விளங்கேல்லையோ அப்பா? இனி விறகு எரிக்கக் கூடாது” என்றாள் ஆரணி.

“முப்பது வருசமா எரிக்கிறன். இப்பத்தான் அவைக்குப் புகை தெரிஞ்சதோ?”

“அப்ப அம்மா அங்கையே இருக்கட்டும். நீங்கள் விறகோடை இருங்கோ.”

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது காரில் விறகர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: “தம்பி, நான் அவளைக் குளிர விடாமப் பாக்கிறன் எண்டெல்லோ நினைச்சனான்.” துடைக்கத் தேவையில்லாத கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மின்சாரச் சூடாக்கியே போதும் என்றாள் ஆரணி. நெருப்பில்லாமல் ஒரு வீடோ என்றார் இவர். கடைசியில் பெல்லட் அடுப்பு என்று சமரசம் ஆயிற்று. பெல்லட் என்பது மரத்தூளை இறுக்கிச் செய்த சின்னஞ்சிறு உருளை. மின்சாரத்தில் சுற்றும் திருகு ஒன்று அவற்றைக் கொஞ்சங்கொஞ்சமாக நெருப்புக்குள் தள்ளும். அறைக்குள் புகை வராது. விறகர் ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்தார்.

“உது கோழித்தீன்.”

கொத்தனார் வந்தபோது கணப்பில் கை வைக்க முடியவில்லை. காலையில் எழுந்து கடைசியாக ஒருமுறை வாய்நிறைய விறகு திணித்து எரித்திருக்கிறார் மனிதர்! சூடு தணியும்வரை கொத்தனார் சோபாவில் உட்கார்ந்து, மணிக்கூலி ஏற ஏற, ஆன்ட்டி ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் சுட்டு வைத்த முறுக்கையெல்லாம் தின்று தீர்த்தார்.

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அச்சடித்த எதையும் முழுதாகப் படிக்காமல் விடமாட்டேன். கணப்பிருந்த இடத்தில் வைத்த புது அடுப்பின் கையேட்டை அட்டை முதல் அட்டை வரை படித்துவிட்டு, “அங்கிள், பெல்லட் மூட்டையப் பிரிக்காம வீட்டுக்குள்ளயே வெக்கணும்னு போட்டிருக்கு” என்றேன்.

“தம்பி, உங்கடை சென்னையிலை குளிர் இருக்கோ?”

நான் விருதுநகர்க்காரன். அவருக்குக் கடலுக்கு அந்தப் பக்கம் எல்லாமே சென்னைதான்.

“இல்ல அங்கிள்.”

“அப்ப விறகைப் பற்றிக் கதையாதேங்கோ. மரத்துக்குக் காத்துப் படவேணும்.”

எல்லா மூட்டைகளையும் கத்தியால் கீறி, தோட்டத்தில் பக்கம் திறந்த விறகுக் கொட்டிலில் வரிசையாக அடுக்கினார். ஒரு வாரம் மூடுபனி. பெல்லட்டெல்லாம் ஊதி உதிர்ந்து, புட்டுக்குக் குழைத்த மாவாகிவிட்டது. வீணாக்க மனமில்லாமல் அதையும் அள்ளி அடுப்பில் கொட்டினார். திருகு இறுகி நின்றது.

மறுநாள் ஆன்ட்டி வருகிறார். வீடு பனிக்கட்டியாய்க் கிடக்கிறது. ஆரணியும் நானும் சோற்றுக் கரண்டியால் மாவைச் சுரண்டினோம். விறகர் டார்ச் பிடித்தார்.

“இதுக்குமேலை தேங்காய்ப்பூ போட்டால் சாப்பிடலாம் அப்பா.”

“வாயை மூடிக்கொண்டு சுரண்டு பிள்ளை. கொம்மா குளிரிலை வந்து நிக்கப்போறா.”

திருகு சுற்றியது. ஆன்ட்டியும் வந்தார். கோட்டுக்குள் ஆள் இருப்பதே தெரியாத அளவுக்கு மெலிந்திருந்தார். அடுப்பெதிரே உட்கார்ந்து, “நல்லாத்தான் இருக்கு” என்றார். விறகருக்குப் பூரிப்பு முகம் கொள்ளவில்லை.

ஆனால் அந்த அடுப்புக்குள் ஒரு விசிறி ஓயாமல் இரைந்தது. அதுதான் வினையாயிற்று. மூன்று மணிக்கே இருட்டிவிடும் டிசம்பர். நான் தேநீருக்கு மேலே போகும்போதெல்லாம் ஒரே காட்சி. ஆன்ட்டி சோபாவில் கண்ணயர்ந்ததும் விறகர் பொத்தானை அமுக்கி அடுப்பை அணைப்பார். விசிறி உடனே நிற்காது. அடங்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார். அடங்கியதும் குனிந்து காதைச் சாய்ப்பார். ஆன்ட்டி கண்ணைத் திறக்காமலே கேட்பார்:

“இஞ்சேருங்கோ, என்னத்துக்கு நூர்த்தனீங்கள்? குளிருது.”

“மெஷினுக்கு ஓய்வு குடுக்கிறன்.”

“பொய். நான் மூச்சு விடுறனோ எண்டு பாக்கிறியள்.”

“விடுறாய்தானே. பேசாமப் படு.”

திரும்ப ஏற்றுவார். கொஞ்ச நேரம் பொறுப்பார். திரும்ப அணைப்பார்.

தைப்பொங்கலுக்குள் அடுப்பு பற்ற மறுத்துவிட்டது. பழுதுபார்க்க வந்தவர் தீமூட்டும் கம்பியை உருவியெடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பல வருடம் ஓடிய அடுப்பில்கூட இது இப்படித் தேயாதே, யார் இதை இத்தனை தடவை அணைத்து ஏற்றியது என்று கேட்டார். ஆரணி அப்பாவைப் பார்த்தாள். அப்பா கூரையைப் பார்த்தார். ஆன்ட்டி சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல் போயிற்று. பழுதுபார்ப்பவர்கூடக் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டார். கடைசியில் மூச்சு திரும்பி, ஆன்ட்டி கையசைத்தபின், எதற்கும் பேரம் பேசும் விறகர் ஒரு வார்த்தை பேசாமல் நாலாயிரம் குரோணருக்குக் கார்டை நீட்டினார்.

அந்த அடுப்புக்கு எல்லாமாக அறுபத்தோராயிரம் குரோணர் ஆனது. அதில் நாலாயிரம், ஆன்ட்டி மூச்சு விடுவதை விறகர் கேட்டுக்கொண்டிருந்ததற்கு.