பனிச்சறுக்குக் கட்டைக்கு ரெண்டு அச்சா

இந்த வருஷம் காஷ்மீரில் குல்மார்க் போய்ப் பனியில் சறுக்கியே தீருவது என்று சிவகாசிப் பட்டாசு முதலாளி தனுஷ்கோடி முடிவு செய்துவிட்டார். அதுவும் மனைவி லட்சுமிகாந்தம் இல்லாமல்.

தீபாவளி முடிந்ததும் பட்டாசுக் கம்பெனிகளுக்கு லீவு. முதலாளிகள் டூர் கிளம்பிவிடுவார்கள். விற்காமல் திரும்பி வரும் லோடை இறக்கி எண்ணி வைக்க வீட்டில் யாராவது வேண்டுமே? வருஷா வருஷம் அந்த யாராவது லட்சுமிகாந்தம்தான். அவளுக்கு அது வயிற்றெரிச்சல்.

"இந்தத் தடவை நானும் வாரேன்."

"அந்தக் குளிரு உன் மூட்டுக்கு ஆகாது. நானும் உங்க அண்ணன் காளிராஜும் போயிட்டு வந்துருதோம்."

"லோடு?"

"அதான் நீ இருக்கீல்ல."

அவள் வாயை மூடிக்கொண்டாள். தனுஷ்கோடி அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் மனுஷனுக்கு இந்த விஷயத்தில் மட்டும் புத்தி வரவில்லை.

வாடகைக் கட்டையில் சறுக்குவது முதலாளிக்குக் கௌரவமா? சொந்தமாகவே வாங்க ஸ்ரீநகர் கடைக்குப் போன் போட்டார். கடைக்காரர் ஹிந்தியில் பேசினார். தனுஷ்கோடியின் வடநாட்டு ஆர்டர் மொத்தமும் லட்சுமிகாந்தத்தின் ஹிந்தியில்தான் ஓடுகிறது. அவருக்குத் தெரிந்த ஹிந்தி 'அச்சா' ஒன்றுதான். அதைச் சத்தமாகச் சொல்லுவார். ஆகவே அவளைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

"என்ன மாதிரி பனியில சறுக்கணும்னு கேக்காரு."

"புதுசா விழுந்த பனி. பொதுபொதுன்னு பவுடர் மாதிரி இருக்கணும். நாம பவுடர்லயே பொழைக்கிறவுகன்னு சொல்லு."

"அப்படின்னா அகலக் கட்டைதான் வேணுமாம். ஒல்லிக் கட்டை புதைஞ்சிருமாம். அகலம்னா பனி மேல மிதக்குமாம்."

"இருக்கதுலயே அகலமானதைப் போடச் சொல்லு."

"அப்புறம் பூட்ஸைக் கட்டையோட கவ்விப் பிடிக்க பைண்டிங்கு. நாம விழுந்தா அது தானா கழண்டுக்கிடணுமாம். இல்லேன்னா கால் முறிஞ்சிருமாம். அதுக்கு எடை, உயரம், வயசு, பாத அளவு எல்லாம் சரியாச் சொல்லணுமாம்."

தனுஷ்கோடி தொந்தியை உள்ளே இழுத்துக்கொண்டார். "எடையை மட்டும் கொஞ்சம் குறைச்சே சொல்லு."

"நல்லாவே குறைச்சிருதேன்" என்றாள் அவள்.

பிறகு ஹிந்தியில் கடகடவென்று ஒப்பித்தாள். ஒவ்வொன்றுக்கும் இவர் "அச்சா" போட்டார். கடைசியில் கடைக்காரர் என்னவோ கேட்டார். அவள் நீளமாகப் பதில் சொன்னாள். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. சிரிக்காவிட்டால் விவரம் தெரியாதவன் என்று நினைத்துவிடுவானே என்று தனுஷ்கோடியும் குலுங்கிச் சிரித்து, "அச்சா, அச்சா" என்றார்.

பார்சல் வந்தது. தனுஷ்கோடி பூட்ஸுக்குள் காலை விட்டார். பாதிப் பாதம் போனது, மீதி வெளியே நின்றது. முக்கினார். முகப்பவுடரைக் கொட்டி முக்கினார். ஒன்றும் நடக்கவில்லை.

லட்சுமிகாந்தம் அதே பூட்ஸில் காலை விட்டாள். வழுக்கிக்கொண்டு போனது. கட்டை மேல் ஏறி மிதித்தாள். பைண்டிங் 'டக்' என்று கவ்வியது.

தனுஷ்கோடி போனை எடுத்து அவளிடம் நீட்டினார். "கடைக்காரன் அளவை மாத்திட்டான். போன் போடு அவனுக்கு."

"அவரு சரியாத்தான் அனுப்பிருக்காரு. நான் சொன்னது என் அளவு. டிக்கெட்டையும் அண்ணன் என் பேருக்கே போட்டுட்டாரு."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காமயா?"

"கேக்காம என்ன? 'வீட்டுக்காரர் வரலையா'ன்னு கடைக்காரர் கேட்டாரு. 'இல்ல, அவுக இங்கன லோடு எண்ணிக்கிட்டு இருப்பாக'ன்னு உங்க முன்னாலதான் சொன்னேன். அதுக்குத்தான் நீங்க ரெண்டு அச்சா போட்டீக."