மூணெழுத்து அண்ணாச்சி

வெள்ளைக்காரன் ஆங்கிலத்தைக் கண்டுபிடித்ததே, விஸ்வநத்தம் போகிற கம்பெனி வேனில் மூணெழுத்து அண்ணாச்சிக்குப் பொழுது போக வேண்டும் என்பதற்காகத்தான். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

பட்டாசுக் கம்பெனியில் அவர் ஃபோர்மேன். நான் அதே கம்பெனி ஆபீசில் ஆர்டர் பார்க்கிறவன். காலையில் சிவகாசியில் வேன் கிளம்பியதும் மூன்று ஆங்கில எழுத்துகளைச் சொல்வார். அந்த மூன்றும் உள்ள நீளமான வார்த்தையைச் சாயங்காலத்துக்குள் கண்டுபிடிக்க வேண்டும். செல்போனை கேட்டில் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத்தான் கம்பெனிக்குள் போக முடியும், அதனால் யாரும் பார்த்துச் சொல்ல வழியில்லை. ஜெயித்தவருக்குத் திரும்பும்போது ஜன்னல் சீட். அந்தச் சீட்டுக்கு நடந்த அடிபிடி எம்.எல்.ஏ. சீட்டுக்குக்கூட நடந்திருக்காது.

ஒருநாள் எஸ், பி, ஆர் கொடுத்தார்.

"பர்ஸ்" என்றார் டிரைவர்.

"அஞ்செழுத்து. பேசாம வண்டிய ஓட்டும்."

"ஸ்பார்க்லர்" என்றாள் பாக்கிங் பெண் ஒருத்தி.

"பெட்டியப் பாத்துக் காப்பியடிச்சது. செல்லாது."

செல்லத்தாயி என்று ஒரு பிள்ளை, பிளஸ் டூ முடித்துவிட்டு வெடிக்குள் மருந்து செலுத்துகிற வேலைக்கு வந்தவள், பின் சீட்டிலிருந்து மெதுவாகச் சொன்னாள்: "ரெஸ்பான்சிபிலிட்டி, அண்ணாச்சி. பதினாலு."

"அப்படின்னா என்ன அர்த்தம்?" என்று டிரைவர் கேட்டார்.

"நீளத்தத்தானவே கேட்டேன், அர்த்தத்தயா கேட்டேன்?" என்று சீறினார் அண்ணாச்சி. அவருக்கும் பாதி வார்த்தைக்கு அர்த்தம் தெரியாது. வார்த்தையை அவர் சரவெடி வாங்குகிற மாதிரி நீளம் பார்த்துத்தான் எடுப்பார்.

ஞாயிற்றுக்கிழமை வேன் கிடையாது என்பதால் தனக்குத்தானே எழுத்துக் கொடுத்துக்கொள்வார். அப்படி ஒரு ஞாயிறு, காரியாபட்டியில் அவருடைய சொந்தக்காரர் வீட்டுத் துஷ்டிக்குப் போயிருந்தோம். எல்லோரும் தலைகுனிந்து உட்கார்ந்திருக்க, இவர் மட்டும் திடீரென்று எழுந்து நின்று, "கங்கிராஜுலேஷன்ஸ்" என்றார். இறந்தவரின் மூத்த மகன் வேட்டியை மடித்துக் கட்டினான். நான் அண்ணாச்சியை இழுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் வரை ஓடினேன். ஓடும்போதும், "பதினஞ்செழுத்து தம்பி" என்றார்.

ஆனால் இந்தக் கிறுக்கிலும் ஒரு கண்டிப்பு வைத்திருந்தார். "மருந்தத் தொட்டா எழுத்த விட்ரணும்" என்பார். மத்தியானச் சோற்று நேரத்தில் யோசிக்கலாம், வேனில் யோசிக்கலாம். ரூமுக்குள் ஒருத்தி உதட்டை அசைத்தாலும் கூப்பிட்டு வெளியே நிறுத்திவிடுவார்.

தீபாவளி சீசன் வந்தது. மருந்து ரூமுக்கு நாலு பேர் என்பது சட்டம். சட்டம் சுவரில் பெயின்டில் இருக்கும், ஆர்டர் முதலாளி வாயில் இருக்கும். ஏழு பேரை உட்கார வைக்கச் சொன்னார் மேனேஜர். அண்ணாச்சி இரண்டு நாள் முனகினார், மூன்றாம் நாள் உட்கார வைத்தார். அந்த வாரமே ரூம் பற்றிக்கொண்டது. இடிபட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடியவர்களில் கடைசியாக மாட்டியவள் செல்லத்தாயி. இரண்டு கையும் கழுத்தும் வெந்துபோயின.

எங்கள் பக்கம் விபத்து என்றால் முதலாளி வெளியூரில் இருப்பார், ஃபோர்மேன் ஸ்டேஷனில் இருப்பார். அப்படி ஆகிவிடாமல் மேனேஜர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஆபீசில் என்னை வைத்துக்கொண்டே அண்ணாச்சியிடம் சொன்னார்: "ரூம்ல நாலு பேருதான். அந்தப் பிள்ள இங்கிலீஷ் வார்த்தைய யோசிச்சுக்கிட்டே கைய விட்ருச்சு. நெக்லிஜென்ஸ். நீரும் தப்பிப்பீரு, கம்பெனியும் தப்பிக்கும்."

அண்ணாச்சி வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேட்டார்.

"கவனமில்லாம இருந்ததுன்னு அர்த்தம். பழி அது மேல போயிரும்" என்றார் மேனேஜர்.

விசாரணை அதிகாரி வாக்குமூலம் வாங்க ஆஸ்பத்திரிக்கு வந்தார். நானும் அண்ணாச்சியும் போனோம். மேனேஜர் செல்லத்தாயியின் கட்டில் காலடியில் நின்றார். அவர் கட்டிய கதை எங்களுக்கு முன்பே வார்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அண்ணாச்சியைக் கண்டதும் செல்லத்தாயி முந்திக்கொண்டு பேசினாள்.

"நான் எழுத்து யோசிக்கல அண்ணாச்சி. ஆனா எல்லாரும் சொல்றாக. ஒருவேள யோசிச்சேனோ? என்னாலயா வெடிச்சுச்சு?"

அண்ணாச்சி மேனேஜரைப் பார்க்கவில்லை. அதிகாரியையும் பார்க்கவில்லை. அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

"இல்ல தாயி. நாலு பேரு ரூம்ல ஏழு பேரு இருந்தீக. உக்கார வெச்சது நானு. வெக்கச் சொன்னது இந்தா நிக்காரே, இவரு. ஒன் மேல ஒரு தப்பும் இல்ல."

அதிகாரியின் பேனா ஓடிற்று. அன்று சாயங்காலமே கம்பெனிக்கு சீல் விழுந்தது. மேனேஜருக்குச் சீக்கிரம் ஜாமீன் கிடைத்தது. அண்ணாச்சிக்கு மெதுவாகக் கிடைத்தது. முதலாளி வேறு பெயரில் வேறு இடத்தில் கம்பெனி திறந்துவிட்டார், அங்கேயும் சுவரில் நாலு என்று பெயின்ட் அடித்திருக்கிறார்களாம்.

சீசனில் வேலை போன கோபத்தில் வேனில் வந்த சனம் மொத்தமும் அவர் வீட்டு வாசலில் மண்ணை வாரித் தூற்றியது. "எங்க வயித்துல அடிச்சிட்டீகளே" என்று பாக்கிங் பெண்கள் அழுதார்கள். அதுவும் பொய்யில்லை, அந்தத் தீபாவளிக்குப் பல வீட்டில் அடுப்பே எரியவில்லை. ஏழு பேரை உட்கார வைக்கச் சொன்னவனைத் திட்ட ஆள் இல்லை, ஏழு என்று உண்மையைச் சொன்னவனைத் திட்ட ஊரே இருந்தது. இப்போது எந்தக் கம்பெனியும் அவரைச் சேர்ப்பதில்லை. டீக்கடை பெஞ்சில் அவர் உட்கார்ந்தால் பக்கத்தில் இருக்கிறவர்கள் எழுந்துவிடுகிறார்கள்.

செல்லத்தாயிக்கு விரல்கள் முழுதாக மடங்காது. ஆனால் அந்தப் பிள்ளை நிமிர்ந்து நடக்கிறது. யாராவது கேட்டால், "எம்மேல தப்பில்ல, அண்ணாச்சியே சொல்லிட்டாரு" என்கிறது.

எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் யாரும் கிடையாது. அண்ணன் உண்டா என்று விசாரிக்கிறவர்களிடம், ஒருத்தர் இருக்கிறார், வேலையில்லாமல் வீட்டில் இருக்கிறார் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.