பாசியோ 'சரி' சொன்ன வழக்கு

"சரின்னு சொன்னீங்களா?" வக்கீல் அம்மா பேனாவைக் கீழே போட்டார். "யாரைக் கேட்டு சரின்னு சொன்னீங்க?"

பாசியோ பக்கத்து நாற்காலியில் இருந்த தன் மனைவி லூமிங்கைப் பார்த்தார்.

"இவதான் கேட்டா, பிரிஞ்சிடலாமான்னு. சரின்னேன்."

"போச்சு! கேஸே போச்சு!" வக்கீல் அம்மா மின்விசிறியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "நம்ம பிலிப்பைன்ஸ்ல விவாகரத்துங்கிறதே கிடையாது, தெரியுமில்ல? உங்களுக்கு இருக்கிறது சட்டப்படி தனியா வாழறது ஒண்ணுதான். கல்யாணம் அப்படியே இருக்கும். படுக்கையும் சாப்பாட்டு மேசையும் மட்டும் தனி. அதையும் ரெண்டு பேரும் கலந்து பேசிட்டு வந்து கேட்டா கோர்ட்ல குடுக்க மாட்டாங்க. அரசு வக்கீல் உட்கார வெச்சு விசாரிப்பாரு, கூட்டுச் சேர்ந்து நாடகம் ஆடறீங்களான்னு."

"அப்போ நான் என்ன சொல்லணும்?"

"பொண்டாட்டியை விட்டுப் பிரிய எனக்கு இஷ்டமில்லைன்னு சொல்லணும். நம்புற மாதிரி சொல்லணும்."

பாசியோவின் மனதில் இருந்ததும் அதுதான். ஆனால் முப்பத்தோரு வருடக் குடித்தனத்தில் லூமிங் கேட்ட எதற்கும் அவர் 'சரி' தவிர வேறு சொன்னதில்லை. வீட்டுக்கு ஊதா வண்ணம் அடிக்கலாமா என்றபோது சரி. மகளை செபுவில் கட்டிக்கொடுக்கலாமா என்றபோதும் சரி. இரண்டு வருடத்துக்கு முன் ஏதோ கோபத்தில், "அந்த ஏரிதான் உனக்குப் பெருசுன்னா அங்கேயே போய் இருய்யா" என்று அவள் கத்தினாள். அதற்கும் சரி என்று சொல்லிவிட்டு, லகுனா ஏரியின் நடுவே மூங்கில் கால்களில் நிற்கும் மீன்பண்ணைக் குடிசைக்குப் பாயைச் சுருட்டிக்கொண்டு போனவர்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கரைக்கு வந்து, அவளோடு மாதா கோயில் பூசைக்குப் போய்விட்டுத் திரும்பிவிடுவார். திரும்பும்போது ஒவ்வொரு தடவையும், 'போகாதே' என ஒரு வார்த்தை சொல்ல மாட்டாளா என்று படகை மெதுவாகத்தான் அவிழ்ப்பார்.

வக்கீல் அம்மா காரணங்களைப் பட்டியல் பார்த்துப் படித்தார்.

"குடிப்பாரா?"

"ஒரு பீர் உள்ள போனா தூங்கிடுவாரு" என்றாள் லூமிங்.

"அடிப்பாரா?"

"கொசுவைக்கூட ஊதித்தான் விடுவாரு."

"வேற பொம்பளை?"

லூமிங் வாய்விட்டுச் சிரித்தாள். அவ்வளவு சிரித்திருக்க வேண்டாம் என்று பாசியோவுக்குத் தோன்றியது.

"பேசவே மாட்டாரும்மா" என்றாள் லூமிங், சிரிப்பு அடங்கிய பிறகு. "மனசுல என்ன இருக்குன்னு இதுவரைக்கும் எனக்குத் தெரியாது. அது பட்டியல்ல வருமா?"

"வராது" என்றார் வக்கீல் அம்மா. "ஒரு வருஷத்துக்கு மேல கைவிட்டுப் போனது வரும். அந்தக் குடிசையை வெச்சு ஒப்பேத்திடலாம்."

மனுவைக் கொடுக்க நீதிமன்றத்துக்குப் போன அன்று மழை. மனுவை வாங்கி முத்திரை குத்திய டைப்பிஸ்ட் சாரிங் இருவரையும் மேலும் கீழும் பார்த்தாள்.

"பிரியறதுக்கு ஒரே குடையில வந்த ஜோடியை இன்னிக்குத்தான் பார்க்கறேன்க்கா."

"மழை பெய்யுது, என்ன பண்ணச் சொல்றே?" என்றாள் லூமிங்.

"ஆறு மாசம் காத்திருக்கணும். கோபம் தணியுதான்னு சட்டம் பார்க்கும். அப்புறம்தான் விசாரணை."

ஒத்திகை மறுநாளே தொடங்கியது. காலண்டர் அட்டையின் பின்பக்கம் லூமிங் கொட்டை எழுத்தில் எழுதினாள்: 'என் மனைவியை விட்டுப் பிரிய எனக்கு இஷ்டமில்லை.' அதைச் சுவரில் மாட்டிவிட்டு, சுடச்சுட இட்லி மாதிரி இருக்கும் புட்டோவைத் தட்டில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

"சொல்லு."

பாசியோ சொன்னார்.

"கரண்டு பில் படிக்கிற மாதிரி இருக்கு. இன்னொரு தடவை."

இன்னொரு தடவையும் பில்தான்.

"ஞாயித்துக்கிழமை மட்டும் வந்தா இது தேறாது. தினம் நாலு மணிக்கு வந்துடு."

"சரி" என்றார் பாசியோ. வாழ்நாளில் இவ்வளவு சந்தோஷமாக அவர் சரி சொன்னதே இல்லை.

படகைத் தள்ளிக்கொண்டு தினமும் வந்தார். ஒரு வாரத்தில்தான் அவருக்கு உறைத்தது. இந்த வரியை உருக்கமாகச் சொன்னால் அரசு வக்கீல் நம்பிவிடுவார். நம்பினால் கூட்டுச்சதி இல்லை என்று ஆகும். அப்புறம் பிரிவு கைக்கு வந்துவிடும். அவளை விட்டுப் போக மாட்டேன் என்று எவ்வளவு நன்றாகச் சொல்கிறாரோ அவ்வளவு சீக்கிரம் அவளை விட்டுப் போக வேண்டும்! எவன்டா இந்தச் சட்டத்தை எழுதினது என்று குடிசையில் மீன்களிடம் கேட்டார். மீன்கள் தீனிக்குத்தான் வாயைத் திறந்தன.

அதனால் வேண்டுமென்றே மறந்தார். ஒருநாள் 'மனைவி'யை விட்டுவிட்டார், ஒருநாள் 'இல்லை'யை.

"யோவ், இஷ்டம்னு முடிச்சிட்டே! பிரிய இஷ்டமாம்ல! காரியத்தையே கெடுத்துடுவே போல" என்று லூமிங் கத்தினாள்.

விஷயம் வக்கீல் அம்மாவின் காதுக்கு எட்டியது. "கைவிட்டுப் போனவர் தினம் நாலு மணிக்கு வந்து பலகாரம் சாப்பிடறாரா? விளங்கின மாதிரிதான்! யாரும் பார்க்காம வரச் சொல்லுங்க."

பாசியோ பெரிய தொப்பியைக் கண்வரை இறக்கிக்கொண்டு, கோழிக்கூட்டைச் சுற்றிப் பின்வாசல் வழியாக வர ஆரம்பித்தார். நான்காம் நாள் ஊர்த் தலைவர் மெனாண்ட்ரோ லூமிங் வீட்டுப் படியேறினார்.

"தங்கச்சி, தப்பா நினைச்சுக்காதே. தொப்பி போட்ட ஒருத்தன் தினம் பின்வாசல் வழியா வந்து போறானாமே. பாசியோ பாவம், ஏரியில கிடக்கான்."

அப்போது பாசியோ அடுப்படிக் கதவுக்குப் பின்னால் வாயில் புட்டோவோடு நின்றுகொண்டிருந்தார். 'பாவம்' என்றதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

வக்கீல் அம்மா தலையில் கைவைத்தார். "உங்களுக்கு வேற ஆள் இருக்குன்னு ஊர் பேசி, ரெண்டு பேர் மேலயும் தப்புன்னு ஆயிட்டா மனு தள்ளுபடிதான். அவர் இனிமே உங்க வீட்டுப் பக்கமே வரக் கூடாது!"

"அப்போ நான் அங்க போறேன்" என்றாள் லூமிங்.

ஊரில் கேட்டவர்களுக்கு, "சண்டை போடப் போறேன்" என்று சொல்லிவிட்டு, சோற்றுப் பாத்திரத்தோடும் அந்தக் காலண்டர் அட்டையோடும் படகில் ஏறினாள். இரண்டு வருடத்தில் அவள் அந்தக் குடிசைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. கொடியில் காய்ந்த ஒற்றைச் சட்டையையும் ஒற்றைத் தட்டையும் பார்த்தாள்.

அப்புறம் தினமும் அங்கேதான் ஒத்திகை. நாலு மாதம் ஓடியிருந்தது. ஒருநாள் பாசியோ அட்டையைப் பார்க்காமலே தொடங்கினார்.

"என் மனைவியை விட்டுப் பிரிய எனக்கு இஷ்டமில்லை. அவ துணி தேய்க்கும்போது ரேடியோ கூடவே பாடுவா. பாட்டு தப்பாத்தான் வரும். அந்தச் சத்தம் இல்லாம எனக்குத் தூக்கம் வர்றதில்லை."

லூமிங் அட்டையை எடுத்துப் பார்த்தாள்.

"இது அட்டையில இல்லையே."

"சும்மா சேர்த்தேன். வேண்டாமா?"

"இருக்கட்டும். நம்புற மாதிரி இருக்கு."

நன்றாகச் சொல்லித் தொலைத்துவிட்டோமே என்று பாசியோ தன்னையே திட்டிக்கொண்டார்.

ஐந்தாம் மாதம் பருவக்காற்று திரும்பியது. ஒருநாள் காலை, லூமிங் குடிசைக்கு வந்து சேர்ந்த கொஞ்ச நேரத்தில் ஏரி முழுக்க மிதந்த ஆகாயத்தாமரை ஒன்றாய்த் திரண்டு வந்து குடிசையைச் சூழ்ந்துவிட்டது. படகு ஒரு முழம் நகரவில்லை. சாயங்காலம் மெனாண்ட்ரோ ஆறு ஆட்களோடு மோட்டார் படகில் வெட்டி வழி பண்ணிக்கொண்டு வந்தார். வந்து பார்த்தால், இருவரும் ஒரே தட்டில் சோறும் பொரித்த மீனும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

"இங்க இருக்கிறதே ஒரு தட்டுதான்!" என்று லூமிங் கத்தினாள்.

யார் கேட்டார்கள்? மெனாண்ட்ரோ கை தட்டினார். ஆறு பேரும் தட்டினார்கள். ஒருவன் விசில் கூட அடித்தான்.

"சாப்பாட்டு மேசையே தனின்னு மனு போட்டிருக்கோம், நாம ஒரே தட்டுல..." என்றார் பாசியோ, கரைக்கு வந்த பிறகு. "ஏழு சாட்சி வேற. சேர்ந்துட்டோம்னு கோர்ட்ல சொல்லிட்டா?" அப்படிச் சொல்லிவிட மாட்டார்களா என்று அவருக்கு உள்ளுக்குள் ஆசை.

"வக்கீலை நான் பார்த்துக்கறேன். நீ ஒத்திகையை மட்டும் விடாதே."

மறுநாள் அவள் தனியாகப் போய்விட்டு வந்தாள்.

"எல்லாம் சரி பண்ணிட்டேன். அடுத்த மாசம் பன்னிரண்டாம் தேதி விசாரணை. காலையில பத்து மணி."

பாசியோவின் முகம் தொங்கிப்போயிற்று. அந்த மாதம் முழுக்க அவர் மீனுக்குத் தீனி போட்டாரா இல்லையா என்று அவருக்கே ஞாபகமில்லை. படகு வரும் திசையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். லூமிங் வந்துவிட்டால் எப்போது போய்விடுவாளோ என்று இருக்கும்.

பன்னிரண்டாம் தேதி வந்தது. லூமிங் தேய்த்துக் கொடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, நீதிமன்றத் தாழ்வாரத்து மரப்பெஞ்சில் பாசியோ உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பச்சை கவுனில் லூமிங். அரசு வக்கீலின் அறைக் கதவு சாத்தியிருந்தது.

"கடைசியா ஒரு தடவை சொல்லு" என்றாள்.

பாசியோ சுற்றிலும் பார்த்தார். யாருமில்லை.

"லூமிங், எனக்கு இஷ்டமில்லை. நீ முதல் தடவை கேட்டப்பவே இல்லை. நீ கேட்டா எனக்குச் சரின்னுதான் சொல்ல வரும், வேற தெரியாது. ஏரிக்குப் போன்னே, போனேன். கூப்பிடுவே கூப்பிடுவேன்னு ரெண்டு வருஷம் கரையையே பார்த்துக்கிட்டிருந்தேன். உனக்கு இது வேணும்னா உள்ள போய் இப்படியே சொல்லிடறேன், உனக்குக் கிடைச்சிடும். ஆனா நான் சரின்னு சொல்ல மாட்டேன். இந்த ஒண்ணுக்கு மட்டும் மாட்டேன்."

லூமிங் சட்டென்று எழுந்தாள்.

"முகம் கழுவிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று தாழ்வாரத்துக் கோடிக்குப் போய்விட்டாள்.

பாசியோ காத்திருந்தார். பத்தரை ஆயிற்று. கதவு திறக்கவில்லை. கோப்புக் கட்டோடு அந்தப் பக்கமாக வந்த டைப்பிஸ்ட் சாரிங் அவரைப் பார்த்து நின்றாள்.

"என்ன அண்ணே இங்க?"

"விசாரணைம்மா. பத்து மணிக்குன்னாங்க. கதவே திறக்கலை."

"ஐயா இந்த வாரம் பூரா லீவாச்சே. யார் கேஸு?"

"எங்க கேஸுதான். ஒரே குடையில வந்தோமே."

சாரிங் தாழ்வாரத்துக் கோடியை எட்டிப் பார்த்தாள். குழாயடியில் லூமிங் முகம் கழுவாமல், கவுன் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். சாரிங் சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்தாள்.

"அந்த மனுவை அக்கா போன மாசமே வாபஸ் வாங்கிட்டாங்க அண்ணே! 'முப்பத்தோரு வருஷமா இவர் வாயிலேர்ந்து வராததை வரவழைக்கத்தான் கேஸே போட்டேன், இப்பத்தான் அட்டையைப் பார்க்காம சொல்ல ஆரம்பிச்சிருக்காரு, முழுசாக் கேட்கிற வரைக்கும் நீ வாயைத் திறந்துடாதே'ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க."