பாவோவின் ஐஸ் பெட்டி

பாவோ ஐஸ் பெட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தார். மூடினார். நம்பிக்கையில்லாமல் மறுபடி தூக்கிப் பார்த்தார். பாதி ஐஸைக் காணோம்.

"நெவெங்கா!"

"இங்கதானே நிக்கிறேன், எதுக்கு இப்படிக் கத்துறீங்க?" என்றாள் மனைவி.

"ஸ்ப்ளிட் துறைமுகத்தை விட்டுக் கிளம்பி ஒரு நாள் முழுசா ஆகலை. பாதி போயிருச்சு!"

"ஐஸ்னா கரையத்தான் செய்யும். காப்பி ஆறுது, குடிங்க."

கரையட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் இது பாவோ தன் கையால் செய்த பெட்டி. நாலு பக்கமும் தடிமனாகத் தக்கைப் பலகை வைத்து இழைத்த பெட்டி. அதை நம்பித்தான் மனிதர் பந்தயம் கட்டியிருந்தார்.

படகு, மாமனார் தன் இரண்டு மகள்களுக்கும் பொதுவாக விட்டுப்போனது. இருபத்திரண்டு வருஷமாக மூத்த மாப்பிள்ளை பாவோதான் அதற்குக் கேப்டன். சுக்கானைப் பிடித்துவிட்டால் அவர் குரல் அடுத்த தீவுக்குக் கேட்கும். "நெவெங்கா, கயிறு! பெரினா, நங்கூரம்! ரெண்டு பேரும் தூங்குறீங்களா?" என்று மனைவியையும் மச்சினியையும் விரட்டியபடியே இருப்பார். இந்தக் கோடைக்கு இளைய மாப்பிள்ளை பார்த்துல், பேட்டரியில் ஓடும் குட்டி ஃப்ரிட்ஜ் ஒன்றை வாங்கிவந்து படகின் அடுக்களையில் வைத்தார். பாவோவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"தீவு தீவா நின்னு லாஸ்டோவோ போய்ச் சேர நாலு நாள். நாலாம் நாள் மத்தியானம் என் பெட்டி பியர் பல்லு கூசுற மாதிரி இல்லேன்னா சுக்கான் உனக்கு. இருந்துச்சுன்னா உன் மிஷினைக் கடல்ல போட்டுரணும்."

"சரி சகலை" என்று பார்த்துல் அப்போதே கை கொடுத்துவிட்டார்.

இப்போது அந்தப் பார்த்துல் மேல்தளத்தில் காலை நீட்டிப் படுத்திருந்தார். "பெரினா, பியர்!" என்று குரல் கொடுத்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் தன் பியரைத் தானே எழுந்துபோய் எடுத்ததில்லை. பெரினா கீழேயிருந்து கொண்டுவந்து கொடுத்தாள். பாட்டில் வேர்த்து வழிந்தது. பாவோவுக்கு வயிறு எரிந்தது.

"ஒரு மடக்கு குடிச்சுப் பாக்குறீங்களா சகலை?"

"நாலாம் நாள் பாக்கலாம்."

வெயில்தான் குற்றவாளி என்று பாவோ முடிவுகட்டினார். மேல்தளத்தில் இருந்த பெட்டியை மூச்சு வாங்க அடுக்களைக்கு இறக்கிக் கம்பளியால் போர்த்தினார். தன் அடுக்களையில் ஒரு கரண்டியைக்கூட இடம் மாற்ற விடாத நெவெங்கா, மறுபேச்சில்லாமல் ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்திலேயே இடம் ஒதுக்கிக் கொடுத்தாள். கட்டியவள் நம் பக்கம்தான் என்று அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

மூன்றாம் நாள் காலையில் பெட்டியின் அடியில் நாலு துண்டு ஐஸ் கிடந்தது.

"மணிக்கு நாலு தடவை திறந்து பாத்தா எப்படி நிக்கும்?" என்றார் பார்த்துல். "காய்ச்சக்காரப் பிள்ளை மாதிரில்ல தொட்டுத் தொட்டுப் பாக்குறீங்க! விஸ் தீவு வந்ததும் வேணா புதுசா ஐஸ் வாங்கிப் போட்டுக்குங்க. பாவம், போங்க."

அந்தப் 'பாவம்'தான் சுருக்கென்று தைத்தது. ஆனாலும் விஸ் துறைமுகத்தில் மீன்படகுக்காரரிடம் கெஞ்சி இரண்டு கூடை ஐஸ் வாங்கினார். பெட்டியில் இருக்கும் பாலாடைக்கட்டியில் மத்தி மீன் வாடை ஏறிவிடும் என்று நெவெங்கா மூக்கைப் பொத்தினாள். அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளாமல் பெட்டியை விளிம்பு வரை நிரப்பினார், பூட்டினார், சாவியைப் பார்த்துலிடம் நீட்டினார்.

"இந்தா, நீயே வச்சுக்க. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் நான் திறக்கலை. போதுமா?"

"பெரினா, இதை எங்கயாவது வை" என்று பார்த்துல் மனைவி கையில் கொடுத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

சாப்பாடு முடிந்து எல்லாரும் கண்ணயரும் நேரத்தில்தான் பாவோவுக்கு உறைத்தது. எதிராளிக்கா சாவியைக் கொடுப்பார்கள்! இவன் நைசாக இறங்கிப்போய்த் திறந்து வைத்துவிட்டால்? தூக்கம் போயிற்று. மேல்தளத்தில் பார்த்துலுக்கு எதிரே படுத்து, ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணால் இரண்டு மணி நேரம் காவல் காத்தார். பார்த்துல் புரண்டுகூடப் படுக்கவில்லை. அவர் விட்ட குறட்டையில் கீழே அடுக்களையில் பாத்திரம் உருள்வதுகூடச் சரியாகக் காதில் விழவில்லை. நல்ல மனுஷனைச் சந்தேகப்பட்டுவிட்டோமே என்று பாவோ கூசிப்போனார்.

நாலாம் நாள் மத்தியானம் லாஸ்டோவோவில் நங்கூரம் இறங்கியது. பெட்டி திறந்தது. உள்ளே வெறும் தண்ணீர். லேபிள் உரிந்த பாட்டில்களுக்கு நடுவே பாலாடைக்கட்டி மிதந்தது. பாவோ ஒரு பாட்டிலைத் திறந்து வாயில் வைத்தார். பியர் வெதுவெதுவென்று இருந்தது.

"பெரினா, பியர்! சகலைக்கும் ஒண்ணு!" என்றார் பார்த்துல்.

பெரினா கொண்டுவந்த பாட்டிலைப் பாவோ வாங்கி ஒரு மடக்குக் குடித்தார். பல் கூசியது. கண் கலங்கிவிட்டது.

"எடுத்துக்க சகலை" என்று சுக்கானை ஒரு தடவை தடவிவிட்டு விலகி நின்றார். இருபத்திரண்டு வருஷம் என்றால் சும்மாவா!

"அட, விடுங்க சகலை, விளையாட்டுக்குத்தானே..." என்று பார்த்துல் நெளிந்தார்.

"இல்லப்பா, சொன்னா சொன்னதுதான்."

படகில் கொஞ்ச நேரம் யாரும் யாரையும் விரட்டவில்லை. நெவெங்கா முதல் தடவையாக வெயிலில் சாய்ந்து உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.

பாவோ தொண்டையைச் செருமினார். "தோத்தா ஒத்துக்கணும். ஊருக்குப் போனதும் என் பெட்டியை உடைச்சு அடுப்புல வைக்கிறேன். சகலை, உன் ஃப்ரிட்ஜ் மாதிரியே நானும் ஒண்ணு வாங்கப்போறேன். எந்தக் கடைன்னு மட்டும் சொல்லு."

பெரினா பதறிப்போய் எழுந்தாள்.

"ஐயோ, வேண்டாம் அத்தான், காசு தண்டம்! கிளம்பின அன்னிக்கே அது செத்துப்போச்சு. நீங்க ரெண்டு பேரும் மேல படுத்துத் தூங்குறப்பல்லாம் நானும் அக்காவும்தானே உங்க பெட்டி ஐஸை அள்ளி அள்ளி அதுல கொட்டினோம்!"