வச்சது வச்சதுதான்

“மாப்ள, அந்தக் கட்டை அவிழ்த்துக் காட்டு, பாப்போம்” என்றார் மாமனார்.

“அவிழ்க்கக் கூடாது மாமா. நரம்பு பிசகியிருக்கு” என்றார் சலூன்காரர்.

நரம்பும் பிசகவில்லை, நகமும் பிசகவில்லை. மாமனார் கொண்டுவந்த சேதியைக் கேட்ட மறுநிமிடம், கடைக்குப் பின்னால் ஓடிப்போய் அவரே சுற்றிக்கொண்ட கட்டு அது. வலது கைக்கு இடது கையால் சுற்றியதால் முட்டைக்கோஸ் மாதிரி உருண்டு திரண்டிருந்தது.

நாற்காலியில் ஒரு பேங்க் மேனேஜர் பாதி வெட்டின தலையோடு உட்கார்ந்திருந்தார். “அப்ப என் தலை?” என்று கேட்டார்.

சேதி இதுதான். பட்டங்களாக வாங்கிக் குவித்துவிட்டு ஓய்வு பெற்ற செஸ் சாம்பியன் ஒருவர், மனைவியோடு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை இந்த ஊருக்கும் வருகிறார். “என்னை ஜெயிச்ச அந்த சலூன்காரரைப் பாக்கணும்” என்று வாய்விட்டுக் கேட்டிருக்கிறார். போதாதா? ஊர் செஸ் சங்கத்துக்குத் தலைவரே மாமனார்தான். “பாக்கறது என்ன, ஆடியே பாத்துடுங்க!” என்று சங்கத்து மண்டபத்தில் மறு ஆட்டத்துக்கு ஏற்பாடு செய்துவிட்டுத்தான் கடைக்கு வந்திருந்தார்.

சலூன்காரர் சாம்பியனை ஜெயித்தது பொய்யில்லை. இளம் வயதில் சாம்பியன் இந்த ஊருக்கு வந்து, மண்டபம் நிறைய ஆட்களோடு ஒரே நேரத்தில் ஆடினார். மேசைகள் வரிசையாகப் போட்டிருக்கும். அவர் ஒவ்வொரு மேசையாக வந்து ஒரு காயை நகர்த்திவிட்டு அடுத்த மேசைக்குப் போவார். வரவேண்டிய ஒருத்தர் வரவில்லை. வாசலில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த சலூன்காரரை மாமனார் கையைப் பிடித்து இழுத்துவந்து காலி மேசையில் உட்கார வைத்தார். அப்போது அவர் மாமனார் இல்லை, வெறும் வாடிக்கைக்காரர். சலூன்காரருக்கு எந்தக் காய் எப்படிப் போகும் என்று தெரியும். எதற்குப் போகும் என்று தெரியாது.

சில சுற்று போனது. சாம்பியன் வந்தார். ராணியைத் தூக்கினார். நேராகக் கொண்டுபோய் சலூன்காரரின் சிப்பாய்க்கு வாயில் ஊட்டுகிற மாதிரி வைத்தார்.

சலூன்காரர் பதறிவிட்டார். “ஐயா, கவனிக்காம வச்சுட்டீங்க போல. திருப்பி எடுத்துக்கோங்க!” என்று மண்டபத்துக்கே கேட்கும்படி கத்தினார்.

சாம்பியன் ஒரு கணம் அசையாமல் நின்றார். பிறகு நெஞ்சை நிமிர்த்தி, “வச்சது வச்சதுதான். வெட்டுங்க” என்றார்.

வெட்டினார். சாம்பியன் தோல்வியை ஒப்புக்கொண்டு கை குலுக்கினார். அன்றோடு சலூன்காரரின் சொந்தப் பெயர் செத்துப்போய், ஊருக்கே அவர் ‘ராணிவெட்டி’ ஆனார். “சாம்பியனையே சாய்ச்ச பையனுக்குக் கொடுக்காம வேற யாருக்குக் கொடுக்கிறது?” என்று மாமனார் தன் பெண்ணையும் கொடுத்து, தெருவைப் பார்த்த முன்னறையைக் கடைக்கென்றும் ஒதுக்கிவிட்டார்.

கை குலுக்குகிற போட்டோ கடைக் கண்ணாடிக்கு மேலே மாட்டியிருக்கிறது. அதில் சாம்பியன் சலூன்காரரின் முகத்தைப் பார்க்கவில்லை. தலையைப் பக்கவாட்டில் திருப்பியிருக்கிறார். அவர் பார்க்கிற பக்கம் பக்கத்து மேசைக்காரரின் ஒரு முழங்கையும் பின்னலின் நுனியும் மட்டும் தெரியும், மீதி வெட்டுப்பட்டுவிட்டது.

அந்தத் திரும்பின முகத்துக்கு சலூன்காரர் தனக்குள் ஓர் அர்த்தம் வைத்திருந்தார். கொடுக்கிறவன் வாங்குகிறவன் முகத்தைப் பார்த்துக் கொடுக்க மாட்டான். ஏழைப் பையன் பிழைத்துப் போகட்டும் என்று மனுஷன் வேண்டுமென்றே விட்டுக்கொடுத்திருக்கிறார். இல்லாவிட்டால் அத்தனை பெரிய ஆள் அப்படி வைப்பாரா? ஆகவே தினமும் கடை திறந்ததும் கண்ணாடியைத் துடைப்பார், போட்டோவைத் துடைப்பார், “நல்லா இருங்க ஐயா” என்பார். பிறகுதான் கத்தரியைத் தொடுவார்.

அதற்கப்புறம் அவர் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. கேட்டால், “ஜெயிச்ச கையோட நிறுத்திக்கிட்டேன்” என்பார். “உச்சத்துல இருக்கும்போதே விலகறதுதான் பெரிய ஆட்டக்காரனோட லட்சணம்!” என்று மாமனார் அதற்கும் மெய்சிலிர்த்துக்கொள்வார்.

மாமனாருக்குப் பெரிய பெரிய ஆட்டக்காரர்களின் வாழ்க்கைக் கதையெல்லாம் தலைகீழ்ப் பாடம். பாதி படித்தது, மீதி அவரே சேர்த்தது. முட்டைக்கோஸ் கட்டைப் பார்த்ததும் அவருக்கு ஒரு கதை ஞாபகம் வந்துவிட்டது.

“கை என்ன பெரிய கை! ஒரு மேதை காய்ச்சல்ல படுத்துக்கிட்டே வாயால சொல்ல, சிநேகிதன் காயை நகர்த்தி ஜெயிச்சிருக்கான். நீ சொல்லு, நான் நகர்த்தறேன்.”

ஆக, கட்டு போட்டும் ஆட்டம் நிற்கவில்லை. கடைதான் நின்றது. கட்டுப் போட்ட கையோடு கத்தரி பிடிக்க முடியாதே! பேங்க் மேனேஜர் ஒரு பக்கம் காடும் ஒரு பக்கம் வயலுமாக வேலைக்குப் போனார்.

மறுநாள் சலூன்காரர் வேறு வழி பார்த்தார். “மாமா, நீங்க நகர்த்துவீங்க, சரி. ஆனா அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டத்தைப் பாத்தாலே கண்ணு கூசுது. பலகைப் பக்கமே திரும்ப முடியலை.”

மாமனார் அவரையே உற்றுப் பார்த்தார். அவர் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. “மாப்ள! கண்ணைக் கட்டிக்கிட்டு ஆடப் போறியா?”

“ஐயோ, அப்படிச் சொல்லலை மாமா!”

“அடக்கத்தைப் பாரு! மகா மேதைங்கதான் பலகையைப் பாக்காம மனசாலயே ஆடுவாங்க. என் வீட்டுல ஒருத்தன் இருக்கான், எனக்கே தெரியலையே!”

சாயங்காலத்துக்குள் கடை வாசலில் ஒரு கரும்பலகை முளைத்தது. ‘ஞாயிறு அன்று ராணிவெட்டி கண்ணைக் கட்டிக்கொண்டு சாம்பியனோடு மோதுகிறார்.’ சங்கத்து மண்டபம் பத்தாது என்று பள்ளிக்கூட மைதானத்தைக் கேட்டு வாங்கினார்கள்.

கண்ணைக் கட்டினால் வாயால்தானே ஆட்டம் சொல்ல வேண்டும்? அதற்கடுத்த நாள் சலூன்காரருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. தொண்டையைத் தொட்டுக் காட்டி, இடது கையை விரித்துக் காட்டினார்.

“பேச்சை நிறுத்திட்டான்!” என்று மாமனார் தெருவில் இறங்கிக் கூவினார். “இப்படித்தான் ஒருத்தர் பெரிய போட்டிக்கு முன்னாடி பெண்டாட்டிகிட்டகூட வாய் திறக்க மாட்டாராம். அத்தனை யோசனை!”

யோசனையில் இருக்கிற ஆளைப் பார்க்கக் கூட்டம் வந்தது. மூடின கடைக்குள் சலூன்காரர் சும்மா உட்கார்ந்திருக்க, ஜன்னல் வழியாகப் பத்துப் பேர் பார்த்தார்கள். அவர் மூக்கைச் சொறிந்தால், “குதிரையை நகர்த்திட்டாரு” என்று ஒருத்தர் கிசுகிசுத்தார். பேங்க் மேனேஜரும் தொப்பியோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, பெருமூச்சு விட்டுப் போனார்.

சனிக்கிழமை மத்தியானம் மனைவி உப்புத் தண்ணீரைக் கொண்டுவந்து முன்னால் டக்கென்று வைத்தாள்.

“ஏங்க, கையும் பொய், கண்ணும் பொய், தொண்டையும் பொய். இன்னும் என்னதான் மிச்சம்? காதா?”

சலூன்காரருக்கு அதுவரை காது நினைவுக்கே வரவில்லை. அடடா என்று தோன்றியது. மனைவியின் முகத்தைப் பார்த்து அதைக் கைவிட்டார்.

“எனக்கு ஆடத் தெரியாதுடி” என்றார் மெல்ல.

“அதான் கல்யாணமான புதுசுலயே தெரியுமே! எங்கப்பா பலகையை எடுத்தாலே நீங்க உப்பு வாங்கக் கடைக்குக் கிளம்பிடுவீங்க. அத்தனை உப்பை நான் என்ன பண்றதுன்னு தெரியாம இருந்தேன்.”

“நான் தோக்கறது எனக்குப் பெரிசில்ல. வந்த வேகத்துல தோத்துட்டா, அன்னிக்கு ஜெயிச்சதும் வெறும் பிச்சைன்னு உங்கப்பாவுக்குத் தெரிஞ்சுடும். அவர் அந்த ஆட்டத்தைச் சொல்லும்போது முகத்தைப் பாத்திருக்கியா? எங்கேயோ முடி வெட்டிக்கிட்டிருந்தவனுக்குப் பொண்ணைக் கொடுத்து, உக்கார இடம் கொடுத்து, ஒரு நாளும் ஒரு வார்த்தை கடிஞ்சு பேசாத மனுஷன். நீ, இந்த வீடு, எல்லாமே அந்த ஒரு வெட்டுல வந்தது. அவரை ஊர் நடுவுல தலைகுனிய வச்சுட்டு நான் எப்படி அவர் மூஞ்சில முழிப்பேன்?”

மனைவி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“ஒரு தடவை கொடுத்த மனுஷன் இன்னொரு தடவை கொடுக்க மாட்டாரா? ஆட்டத்துக்கு முன்னாடியே அவர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடுங்க. இந்தத் தண்ணியையும் கொப்பளிச்சுடுங்க, வீணாப் போகுது.”

சொல்ல நேரம் கிடைக்குமா என்று அவர் கவலைப்பட வேண்டி இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கடை வாசலில் ஒரு கார் நின்றது. சாம்பியனே இறங்கினார். தலை நரைத்திருந்தது, தாடி முளைத்திருந்தது. பின்னால் அவர் மனைவி, சிரித்த முகம்.

“மேடைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு ஷேவ் பண்ணிக்கலாமேன்னு வந்தேன்” என்றார் சாம்பியன். “உங்களைத் தனியாவும் பாக்கணும்.”

சலூன்காரர் முட்டைக்கோஸை உரித்தெறிந்தார். கண் நன்றாகத் தெரிந்தது. “உக்காருங்க ஐயா!” என்ற குரல் தெருமுனை வரை கேட்டது.

சாம்பியனின் மனைவி காத்திருப்போர் பெஞ்சில் உட்கார்ந்து, போட்டோவை அண்ணாந்து பார்த்தாள். பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

சலூன்காரர் நுரையைக் குழைத்துப் பூசினார். பூசி முடித்ததும் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டார்.

“ஐயா, அன்னிக்கு நீங்க போட்ட பிச்சையிலதான் நான் வாழ்ந்துக்கிட்டிருக்கேன். வேணும்னே ராணியை விட்டுக்கொடுத்தீங்க, எனக்குத் தெரியும். அந்த நன்றியை எப்படித் தீர்க்கிறதுன்னு தெரியலை. ஆனா எனக்கு ஆடத் தெரியாது. இன்னிக்கு ஆடினா என் மாமனார் மனசு உடைஞ்சு போயிடும். இன்னொரு தடவை காப்பாத்துங்க.”

சாம்பியன் கண்ணாடியில் தன் மனைவியைப் பார்த்தார். நுரைக்கு மேலே காது இரண்டும் சிவந்தன.

“நன்றி சொல்ல வந்தது நான்” என்றார். “நீங்க அன்னிக்கு அப்படிச் சத்தமா, திருப்பி எடுத்துக்கோங்கன்னு சொல்லலேன்னா, என் வாழ்க்கையே வேற மாதிரி போயிருக்கும். அதுக்கப்புறம் எனக்குக் கிடைச்ச நல்லதெல்லாம் உங்களாலதான்.”

“ஐயோ, நான் என்ன செஞ்சேன்!” என்றார் சலூன்காரர். அவருக்குக் குரல் உடைந்தது, இந்தத் தடவை நிஜமாகவே.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. கக்கத்தில் செஸ் பலகையோடு மாமனார். பின்னால் பாதித் தெரு. முன்வரிசையில் பேங்க் மேனேஜர்.

“ஆகா! மைதானம் வரைக்கும் எதுக்கு? ரெண்டு பேரும் இங்கேயே ஆரம்பிச்சுட்டீங்களா?” என்றவர், யாரும் தடுப்பதற்கு முன்னால் பலகையைச் சாம்பியனின் மடியில் விரித்துக் காய்களை அடுக்கிவிட்டார். “மாப்ள, கண்ணைக் கட்டவா?”

சலூன்காரர் கண்ணைத் தானே மூடிக்கொண்டார்.

சாம்பியன் நுரை வழியும் முகத்தோடு பலகையைப் பார்த்தார். தன் ராஜாவை ஒரு விரலால் தொட்டுச் சாய்த்துப் படுக்க வைத்தார்.

“நான் தோத்துட்டேன்” என்றார்.

“இன்னும் ஒரு காயைக்கூட நகர்த்தலையே!” என்றார் மாமனார்.

“இவர்கிட்ட எனக்கு ஒரு தடவை தோத்ததே போதும். அதை மாத்தறதுக்கு எனக்கு இஷ்டமில்ல.”

மாமனார் தெருவைப் பார்த்துத் திரும்பி, “ஆடாமலே ஜெயிச்சுட்டான்! எந்த மேதையோட சரித்திரத்துலயும் இப்படி ஒண்ணு கிடையாது!” என்று குதித்தார். அந்த வயதில் அவ்வளவு உயரம் குதிக்க முடியும் என்று யாருக்கும் தெரியாது. கூட்டம் அவரைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குக் கிளம்பியது. மாமனார் முகத்தில், பழைய ஆட்டத்தைச் சொல்லும்போது வருகிற அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது. சலூன்காரருக்கு அதுவே போதும். பேங்க் மேனேஜர் மட்டும் போகவில்லை. தொப்பியைக் கழற்றிவிட்டு வரிசையில் உட்கார்ந்தார்.

ஷேவ் முடிந்தது. சாம்பியன் முகம் கழுவப் பின்பக்கம் போனார். சலூன்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பெஞ்சுப் பக்கம் திரும்பினார்.

“அம்மா, இப்படி ஒரு பெரிய மனசை நான் பாத்ததே இல்ல. அன்னிக்கும் சரி, இன்னிக்கும் சரி. ‘வச்சது வச்சதுதான்’னு சொன்னாரே, அந்த வார்த்தை இன்னும் என் காதுலயே இருக்கு.”

அந்த அம்மாள் போட்டோவில் இருந்த பின்னல் நுனியைக் காட்டிச் சிரித்தாள்.

“பெரிய மனசா? பக்கத்து மேசையில இருந்த என்னையே பாத்துக்கிட்டு ராணியைக் கோட்டை விட்டாரு, நான் பாக்கறேன்னு வீரமா வச்சது வச்சதுதான்னாரு. என்ன ஒரு நேர்மைன்னு மயங்கி நானும் கட்டிக்கிட்டேன். அன்னிலேருந்து இன்னி வரைக்கும் வீட்டுல என்கூட ஆடும்போது ஒரு காயை வச்சது வச்சபடி விட்டதே இல்லண்ணே, அத்தனையும் திருப்பி எடுத்துக்கறாரு!”