பள்ளத்தாக்குப் பயண நிர்வாகசபை

எங்கள் குடும்பத்தில் எவரும் சும்மா ஓரிடத்துக்குப் போய் எதையும் பார்த்துவிட்டு வருவதில்லை. அது ஒழுங்கீனம். முதலில் நிர்வாகசபை தெரிவு செய்யப்படும். பிறகு யாப்பு, அதாவது சட்டதிட்டம், எழுதப்படும். பிறகு ரீசேட் அடிக்கப்படும். இவை முடிந்து, இடையில் கோபித்துக்கொண்டவர்கள் சமாதானமாகி, அதன் பின்னும் விடுமுறை மிஞ்சினால் பயணம்.

நடு அவுஸ்திரேலியாவின் செம்மண் பாலைவனத்துப் பள்ளத்தாக்குப் பூங்காக்களைக் குடும்பமாக வான் வண்டியில் போய்ப் பார்ப்பது இப்போது மெல்பேர்னில் நாகரிகம். முன்பு கப்பல் பயணம் நாகரிகமாக இருந்தது. எல்லோரும் கப்பலில் போய்வந்துவிட்டதால் அது மதிப்பிழந்தது. புறநகரான வெரிபீயில் எங்கள் வீதிக்காரர் ஒருவர் பாலைவனம் போய்வந்து, செம்மண் படிந்த வானைக் கழுவாமல் கிழமைக்கணக்கில் வாசலிலேயே விட்டிருந்தார். அதைக் கண்ட அன்றே என் ஒன்றுவிட்ட தம்பி மகாதேவன் பொதுக்கூட்டத்தைக் கூட்டினான்.

மகாதேவன் ஊரில் கச்சேரி என்ற அரச அலுவலகத்தில் எழுதுவினைஞனாக இருந்தவன். இங்கே வந்து ஒரு பண்டகசாலையில் பெட்டி அடுக்கி ஓய்வு பெற்றான். இத்தனை காலம் பெட்டி அடுக்கியும் கச்சேரி அவனைவிட்டுப் போகவில்லை. ஆகவே அவன் தலைவர். கணினி வேலை செய்யும் மருமகன் பிரதீப்குமார் செயலாளர். மகாதேவனின் மனைவி இராஜேஸ்வரி உணவுக்குப் பொறுப்பு. நான் வயதில் மூத்தவன், அதிகம் கதைக்காதவன் என்பதால் என்னைப் போஷகர் ஆக்கினார்கள். போஷகருக்கு வேலை கிடையாது. வானில் முன் சீற் உண்டு.

மகாதேவனின் தங்கை கல்யாணிக்கு ஒரு பதவியும் கிடைக்கவில்லை. அவள் கேட்கவும் இல்லை. அவள் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். அங்கே பேச்சு நின்றுபோன ஒரு வெள்ளைக்காரக் கிழவரின் கட்டிலுக்கு மேலே ஒரு படம் தொங்குகிறது. எதிரெதிரே இரண்டு சிவந்த கற்சுவர்கள், நடுவே பாதாளம், அடியில் ஒரு துண்டுத் தண்ணீர், அதைச் சுற்றிப் பனை போன்ற மரங்கள். அவருக்கு உடுப்பு மாற்றும்போதெல்லாம் கல்யாணி அதைத்தான் பார்ப்பாளாம். அந்த இடம் எங்கள் பயண வழியில் கடைசிப் பூங்கா என்று தெரிந்ததும், வருடக்கணக்காக எடுக்காத லீவை எடுத்தாள்.

"அண்ணை, அந்த விளிம்பிலை நிண்டு ஒருக்கால் கீழை பார்த்தால் எனக்குப் போதும். வேறை ஒண்டும் வேண்டாம்" என்று கூட்டத்தில் சொன்னாள்.

'பயணத்தின் நோக்கம் பற்றிய உறுப்பினர் கருத்து கவனத்தில் எடுக்கப்பட்டது' என்று பிரதீப்குமார் அறிக்கையில் எழுதிக்கொண்டான்.

பதினொரு பேர் இரண்டு வான்களில் புறப்பட்டோம். வழியில் முதலாவது பூங்காவில் இறங்கவே இல்லை. மீன் குழம்பு கசிந்து, அது யாருடைய பொறுப்பு என்று விவாதித்து முடிய இருட்டிவிட்டது. 'வாகனத் தரிப்பிடம் வரை சென்ற இடங்கள் முறைப்படி பார்வையிடப்பட்டனவாகக் கருதப்படும்' என்று தீர்மானம் நிறைவேற்றிக்கொண்டு அப்பால் போனோம். இரண்டாவது பூங்காவை இந்தத் தீர்மானத்தின் கீழ் மிக விரைவாகப் பார்வையிட்டோம்.

கடைசிப் பூங்காவுக்கு விடியற்காலையில் போய்ச் சேர்ந்தோம். பள்ளத்தாக்கு கண்ணில் படவில்லை. ஒரு கேற், றேஞ்சர் இருக்கும் ஒரு கந்தோர், ஒரு மலசலகூடம் மட்டும் தெரிந்தன. கேற்றுக்கு அப்பால் ஒரு குன்று. குன்றில் ஏறினால் விளிம்பு. கேற்றுக்குப் பக்கத்துப் பலகையில் அன்றைய வெப்பம் மின்னெழுத்தில் ஓடியது. முப்பத்தாறு பாகையைத் தொட்டால் கேற் பூட்டப்படும், அதன் பின் அன்றைக்கு யாரும் ஏறமுடியாது என்று கீழே எழுதியிருந்தது. அப்போது இருபத்தேழு. கேற் திறந்தே கிடந்தது. கல்யாணி சப்பாத்துக் கட்டி, தண்ணீர்ப் போத்தலும் கையுமாக நின்றாள்.

"நில் பிள்ளை" என்றான் மகாதேவன். "மங்கல விளக்கு ஏத்தாமல் ஆரேன் நிகழ்ச்சி தொடங்குவினமோ?"

குத்துவிளக்கு வெரிபீயிலிருந்து குளியல் துவாயில் சுற்றப்பட்டு வந்திருந்தது. எண்ணெய் ஊற்றித் திரி போட்டு நெருப்புப்பெட்டியை எடுத்ததும், கந்தோருக்குள்ளிருந்து பூங்கா றேஞ்சர் ஓடிவந்தான். டாரன் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தது. இன்று நெருப்புக்கு முழுத் தடை என்றான்.

"இது நெருப்பில்லை, விளக்கு" என்று விளக்கினான் பிரதீப்குமார்.

"விளக்கில் என்ன எரியும்?"

"திரி."

"எரிந்தால் அது நெருப்பில்லையா?"

பிரதீப்குமார் மாமனாரைப் பார்த்தான். "மங்கலம் எண்டு சொல்லு" என்றான் மகாதேவன்.

டாரன் கந்தோருக்குள் போய்த் தடித்த புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தான். சடங்குச் சுடருக்கு விலக்களிப்பு உண்டாம். பிராந்தியப் பண்பாட்டு ஆலோசகரிடம் பத்து வேலைநாட்களுக்கு முன்னர் விண்ணப்பிக்க வேண்டுமாம். எத்தனையாம் பிரிவு என்று மகாதேவன் கேட்டான். டாரன் காட்டினான். பிரிவுக்கு உபபிரிவு இருக்கிறதா என்று கேட்டான். இருந்தது. மகாதேவனின் முகம் மலர்ந்தது. இந்த நாட்டுக்கு வந்து இத்தனை காலத்தில் முதல் தடவையாக அவன் தன் இனத்தவன் ஒருவனைச் சந்தித்திருந்தான். இருவரும் ஒரு வாங்கில் அமர்ந்து அந்தப் புத்தகத்தை ஆதியிலிருந்து வாசிக்கத் தொடங்கினார்கள்.

முடிவில் கைத்தொலைபேசித் திரையில் எரியும் விளக்கு நெருப்பு அல்ல என்று இருதரப்பும் ஒத்துக்கொண்டன. கல்யாணியின் மகள் ராகவி தன்னுடைய போனில் ஒரு விளக்கை எடுத்துக் கொடுத்தாள். ஐந்து பிரமுகர்கள் ஆளுக்கொரு திரியைத் தொட்டு ஏற்றினோம். நாலாவது திரியில் பற்றரி செத்து மங்கலம் அணைந்தது. இது அபசகுனமா, தொழில்நுட்பக் கோளாறா என்று ஆராயப்பட்டது. வேறு போனில் மறுபடி ஏற்றினோம். பிறகு இறந்தோருக்கு அகவணக்கம். பிறகு வரவேற்புரை. வரவேற்கப்பட்டவர்கள் நாங்களே.

"அண்ணை, முப்பத்திரண்டு" என்றாள் கல்யாணி.

"என்ன முப்பத்திரண்டு?"

"வெயில்."

"அது நிகழ்ச்சி நிரலிலை இல்லை. குறுக்கை கதைக்காதை."

கல்யாணி டாரனிடம் போனாள். தான் மட்டும் போய் வரலாமா என்று கேட்டாள்.

"நீங்கள் பதினொரு பேர் கொண்ட குழுவாகப் பதிந்திருக்கிறீர்கள்" என்றான் அவன் மிகுந்த பணிவோடு. "குழு ஒன்றாகத்தான் போகவேண்டும். நீங்கள் மட்டும் போனால், மற்றப் பத்துப் பேரும் காணாமல் போனவர்கள் ஆகிவிடுவார்கள்."

"அவை உந்தா நிக்கினம்."

"என் கண்ணுக்குத் தெரிகிறார்கள். கணினிக்கு எப்படித் தெரியும்? நான் ஹெலிகொப்டர் அழைத்துத் தேட வேண்டிவரும்."

கல்யாணி யோசித்தாள். "குழுவை விட்டு விலகினால்?"

டாரன் புத்தகத்தைப் புரட்டினான். விலகலாம், தனி ஆளாகப் போகலாம், ஆனால் விலகியதைக் குழுத்தலைவர் வந்து உறுதிப்படுத்த வேண்டும் என்றான்.

அவள் திரும்பி வந்தபோது பிரதீப்குமார் செயலாளர் அறிக்கையில் இருந்தான். "அண்ணை, நான் குழுவிலை இருந்து விலகிறன். அந்தப் பெடியனிட்டை வந்து ஒரு சொல்லுச் சொல்லுங்கோ" என்றாள்.

மகாதேவன் யாப்பைப் புரட்டினான். யாப்பின்படி விலகல் என்பது சாதாரண விடயமல்ல. உடனே அவசரக்கூட்டம் கூட்டப்பட்டது.

"ஏன் விலகிறீர்? உமக்கு நான் கறி குறைச்சு வைச்சனானோ?" என்றாள் இராஜேஸ்வரி.

"இல்லை மச்சாள். எனக்கு உங்கை மேலை போகவேணும்."

"எல்லாரும் போகத்தானே வந்தனாங்கள்."

"அப்ப வாங்கோவன்."

யாரும் எழும்பவில்லை. கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போது எழும்புவது எப்படி?

"மம், ஜஸ்ட் கோ" என்றாள் ராகவி.

"அப்பிடிப் போனால் ஹெலிகொப்டர் வருமாம் பிள்ளை" என்றாள் கல்யாணி. பிறகு என் பக்கம் திரும்பி, "பெரியண்ணை, நீங்களாவது சொல்லுங்கோ. முப்பத்தைஞ்சாச்சு" என்றாள்.

போஷகருக்கு வாக்குரிமை இல்லை என்று தலைவர் எனக்காகப் பதில் சொன்னார்.

விலகலைப் பிரேரிக்க ஒருவர், ஆமோதிக்க ஒருவர் வேண்டும். ஆமோதிக்க முன்வந்த இராஜேஸ்வரிக்கு அழுகை வந்ததால் கொஞ்சம் சுணங்கிற்று. கல்யாணியின் சேவைகள் விதந்துரைக்கப்பட்டன. அவள் வழி முழுக்கக் கோப்பை கழுவியது, வான் குலுக்கத்தில் குழந்தைகள் எடுத்த சத்தியைத் துடைத்தது எல்லாம் அன்றுதான் வெளியில் வந்தன. இப்பேர்ப்பட்டவரை வெறுங்கையோடு அனுப்பலாமோ என்று பிரதீப்குமார் கேட்டான். பூங்கா அதிகாரிக்கென்று கொண்டுவந்த பொன்னாடையைக் கல்யாணிக்குப் போர்த்தத் தீர்மானமாயிற்று.

"கொஞ்சம் சிரி பிள்ளை. படம் எடுக்கிறம்" என்றான் மகாதேவன்.

நான் அந்தப் படத்தை இப்போதும் வைத்திருக்கிறேன். முன்னால் பொன்னாடையோடு கல்யாணி. அவளுடைய தோளுக்குப் பின்னால் டாரன் கேற்றைப் பூட்டிக்கொண்டிருக்கிறான். பூட்டை இரண்டு தரம் இழுத்தும் பார்த்தான். கடமையுணர்ச்சியுள்ள உத்தியோகத்தன்.

"நாளைக்கு வருவமே, அண்ணை?" என்று கேட்டாள் கல்யாணி.

"நாளைக்கு ஒட்டகப் பண்ணை எண்டு போட்டிருக்கு. நாங்கள் நினைச்சபடி மாத்தேலுமோ?"

மலசலகூடத்தின் வெளிச்சுவரில் அந்தப் பள்ளத்தாக்கை ஆளுயரத்துக்கு அழகாகத் தீட்டியிருந்தார்கள். எல்லோரும் ஒரே நிற ரீசேட்டில் அதன் முன்னால் நின்று குடும்பப் படம் எடுத்தோம். கல்யாணி விலகியவள் என்பதால் அதில் நிற்க உரித்தில்லை. மகாதேவன் பெருந்தன்மையோடு அவளை விசேட அழைப்பாளராக்கி ஓரத்தில் நிறுத்தினான்.

மெல்பேர்ன் திரும்பியதும் மண்டபம் எடுத்துப் பயண விளக்கக் கூட்டம் நடந்தது. அந்தக் குடும்பப் படம் திரையில் விழுந்தபோது சனம் வாயைப் பிளந்தது. விளிம்புக்கு இவ்வளவு கிட்ட நின்றிருக்கிறீர்களே, பயமில்லையா என்று ஒருவர் கேட்டார். குடும்பம் ஒன்றாக நின்றால் பயமில்லை என்றான் மகாதேவன். பிறகு பெண்கள் சார்பில் இரண்டு வார்த்தை பேசக் கல்யாணி அழைக்கப்பட்டாள்.

"நான் அந்தப் பள்ளத்தாக்கைப் பார்க்கேல்லை" என்றாள் அவள். "நாங்கள் ஒருத்தருமே பார்க்கேல்லை. பின்னாலை தெரியிறது கக்கூஸ் சுவர்."

முன்வரிசையிலிருந்து வரதராஜா எழுந்தார். அவர் மெல்பேர்னில் எங்கள் ஊர்க்காரர் ஒன்றியத்தின் தலைவர். ஒன்றியத்துக்கு ஆயுட்காலத் தலைவர் என்றும் சொல்லலாம்.

"இது பாரதூரமான முறைப்பாடு" என்றார். "இதை நாங்கள் சும்மா விடேலாது. விசாரணைக்குழு ஒண்டு போடவேணும்."

மண்டபமே மூச்சுவிட்டது. குழுவில் சேர முண்டியடித்துக் கை உயர்த்தினார்கள். வரதராஜா அதற்கும் தலைவரானார். சம்பவ இடத்தை நேரில் பார்க்காமல் விசாரணை இல்லை என்பதால் பயணச் செலவு ஒன்றியத்துடையது. வழிகாட்ட மகாதேவன் சேர்க்கப்பட்டான். கல்யாணியும் வரலாமா என்று நான் கேட்டேன். முறைப்பாட்டாளரே விசாரணையில் இருந்தால் நடுநிலை கெட்டுவிடும் என்று வரதராஜா எனக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

குளிர்காலத்தில் போனார்கள். விசாரணை என்பது விழா அல்ல. ஆகவே விளக்கு இல்லை, உரை இல்லை. நேரே கேற்றுக்குள் நடந்து மேலே ஏறி, பொழுது சாயும்வரை விளிம்பில் இருந்தார்களாம். மகாதேவனுக்குக் கண் கலங்கிவிட்டதாம்.

அறிக்கை அதே மண்டபத்தில் வாசிக்கப்பட்டது. மேற்படி பள்ளத்தாக்கு அவ்விடத்தில் இருப்பது உறுதிப்படுத்தப்பட்டுள்ளது. அது மிக அழகானது. முறைப்பாட்டாளர் கல்யாணி அதைப் பார்க்கவில்லை என்பது ஐயத்துக்கிடமின்றி நிரூபிக்கப்பட்டுள்ளது.

பெரிய கைதட்டல். நீதி கிடைத்துவிட்டது என்று பக்கத்திலிருந்தவர் என் முழங்காலில் தட்டினார். அறிக்கையை ஏற்றுக்கொள்பவர்கள் கையை உயர்த்துங்கள் என்றார் வரதராஜா. எல்லாக் கைகளும் உயர்ந்தன. என்னுடையதும்தான். திரும்பிப் பார்த்தேன். வேலைச் சீருடையோடு கடைசி வரிசையில் நின்ற கல்யாணியும் கையை உயர்த்தியிருந்தாள்.

"உண்மையைத்தானே எழுதியிருக்கினம், பெரியண்ணை" என்றாள்.

அறிக்கை ஏகமனதாக நிறைவேறியது.